இறகுக் கிரீடங்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழாய்களில் வாழும் கடற்புழுக்களின் தலைக் கிரீடத்தை வரையவும் ஒப்பிடவும் புதிதாகக் கற்பவர்களுடன் அமரும்போதெல்லாம், தொடக்க ஆண்டுகளில் நான் செய்த தவறுகளே திரும்ப நிகழ்வதைக் காண்கிறேன். பெயர்ச்சீட்டு எழுத மறப்பது போன்றவை தாமாகவே சரியாகிவிடும் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

மயக்கமூட்டாமல் பதப்படுத்துவது

மெக்னீசியம் குளோரைடு கரைசலில் தளரவிடாத சபெல்லிடு புழு (இறகுக் கிரீடமுள்ள குழாய்ப்புழுக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தது) கிரீடத்தைச் சுருக்கிக்கொள்ளும்; சில வேளைகளில் கழற்றியே விடும். மீண்டும் வளர்ந்துகொண்டிருக்கும் கிரீடத்தில் ரேடியோல்களை, அதாவது கிரீடத்தின் தனித்தனி இறகுக் கதிர்களை, எண்ணினால் அந்த எண்ணிக்கை நம்மை ஏமாற்றும்.

இறகு போலிருப்பவற்றையெல்லாம் ஒரே உறுப்பாகக் கொள்வது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். சபெல்லா (ஒரு சபெல்லிடு), ஓவேனியா, ரிஃப்டியா ஆகிய மூன்று குழாய்ப்புழுக்களுக்கும் பண்பு அட்டவணையின் ஒரே கட்டத்தில் 'இறகுக் கிரீடம் உண்டு' என்று குறித்து, அதிலிருந்து உறவுமரம் வரைந்தேன். மூன்றும் ஒரே கிளையில் வந்து நின்றபோது அதைக் கண்டுபிடிப்பாகவே நம்பினேன். நான் உள்ளே இட்டதையே மரம் திருப்பித் தந்தது என்பது புரிவதற்குள் பல மாத உழைப்பு வீணாகியிருந்தது.

சபெல்லாவின் கிரீடம் தலைமுனையிலிருந்து இரு பகுதிகளாக எழுகிறது. ஒவ்வொரு ரேடியோலிலும் பின்னியூல்கள் என்னும் நுண்கிளைகள் இரு வரிசையாக நிற்க, அவற்றின் குறு இழைகள் நீரை வெளியிலிருந்து கிரீடத்துக்குள் இழுத்து மேல்நோக்கி அனுப்புகின்றன. சிக்கும் துகள்கள் ரேடியோலில் உள்ள பள்ளத்தின் வழியே இறங்கி, அளவுக்கேற்பப் பிரிக்கப்பட்டு, நுண்ணியவை வாய்க்கும் நடுத்தரமானவை குழாய் கட்டவும் செல்ல, பெரியவை ஒதுக்கப்படுகின்றன. ஓவேனியாவிலோ தட்டையான, கிளைத்த மடல்கள் உள்ளனவே தவிர ரேடியோலும் பின்னியூலும் இல்லை. 1977-இல் கலாபகோஸ் அருகே கடலடி வெந்நீர் ஊற்றுகளில் காணப்பட்ட ரிஃப்டியாவுக்கு முதிர்ந்த பருவத்தில் வாயும் குடலும் கிடையாது. அதன் செந்நிற இறகு ஆக்சிஜனையும் சல்ஃபைடையும் உறிஞ்சி, உடலுக்குள் வாழும் பாக்டீரியாக்களுக்கு அளிக்கிறது. அதனை உணவு வடிக்கும் உறுப்பு என்று எழுதுவதே பிழை.

இதில் தடுமாறியவர்கள் தொடக்க நிலையினர் மட்டுமல்லர். 1997-இல் உடலமைப்பை அடிப்படையாகக் கொண்ட ஒரு முக்கிய வகைப்பாடு இவை மூன்றையும் சபெல்லிடா என்னும் ஒரே குழுவில் வைத்தது. 2014-இல் வெளியான விரிவான மரபணுத் தரவு ஒப்பீடு ஓவேனியாவின் குடும்பத்தை வளைதசைப்புழுக்களின் மரத்தில் அடிக்கிளைக்குக் கொண்டு சென்றது.

ஆகவே கிரீடம் என்ற ஒற்றைக் கட்டத்தை உடைத்து, எங்கிருந்து எழுகிறது, எவ்வாறு கிளைக்கிறது, உள்ளே தாங்கும் திசு எது, நரம்பு எங்கிருந்து வருகிறது என்று தனித்தனியாகக் குறியுங்கள். ஆனால் சபெல்லிடு, செர்புலிடு, ஃபாப்ரிசிடு ஆகிய நெருங்கிய குழாய்ப்புழுக் குடும்பங்களின் ரேடியோல்களைப் பிரித்துவிடாதீர்கள். அவை பொது மூதாதையிடமிருந்து வந்தவை. சபெல்லிடுகளின் ரேடியோலில் குருத்தெலும்பு போன்ற செல்கள் இருப்பதும் செர்புலிடுகளில் அவை இல்லாததும் அந்த உறவுக்குள் எழுந்த வேறுபாடே.

நிறத்தைக் கொண்டு இனம் பிரிப்பது

வேண்டாம். ஆல்கஹாலில் அது நிலைக்காது.

செர்புலிடுகளின் மூடியைப் புதிய உறுப்பாக எண்ணுவது

புழு உள்ளிழுத்துக்கொள்ளும்போது குழாயின் வாயை அடைக்கும் அந்த மூடி, மாற்றமடைந்த ரேடியோல்தான். ஐயமிருந்தால், மூடியைத் தாங்கும் காம்பில் இன்னும் பின்னியூல்களை வைத்திருக்கும் அப்போமேட்டஸ் என்னும் செர்புலிடைப் பாருங்கள்.