பழைய ஜிபிஎஸ் கருவிக்குப் புதிய வரைபடம்: பினாங்கில் காரோட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் சித்தப்பாவின் காரில் கார்மின் நூவி கருவி ஒன்று உண்டு. தீவுக்கு வழி கேட்டால் அது அவரை நேரே படகுத் துறைக்கு அழைத்துப் போகும். 2021ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து அந்தப் படகுகள் கார்களை ஏற்றுவதில்லை. நடந்து வருவோருக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் மிதிவண்டிகளுக்கும்தான் அவற்றில் இடம். புதிய வரைபடம் போட்டுவிட்டதாகவும், அப்படியும் கருவி திருந்தவில்லை என்றும் சித்தப்பா வருத்தப்பட்டார். தூக்கிப் போட்டுவிடலாமா என்றுகூடக் கேட்டார். போட வேண்டாம் என்றேன். இணையக் கட்டணம் கேட்காமல், அழைப்பு வந்தாலும் வழி சொல்வதை நிறுத்தாமல், கெடாவின் தோட்டப்புறங்களில் கைப்பேசி அலைவரிசை விட்டுப்போகும் இடத்திலும் வேலை செய்யும் பொருள் அது. அதைத் திறந்து பார்த்தபோது கண்ட தவறுகளையும், உறவினர்களின் கருவிகளில் திரும்பத் திரும்பக் காணும் தவறுகளையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, நகல் எடுக்காமல் கை வைப்பது. கருவியைக் கணினியில் இணைத்ததும் அது ஒரு மெமரி கார்டு போலத் திறக்கிறது. 'இடம் போதவில்லை' என்ற செய்தி வந்தவுடன், பெரிதாகத் தெரியும் கோப்பை அழித்துவிடுகிறார்கள். 'ஜிமேப்ப்ராம்' என்ற பெயரில் இருப்பது கருவியோடு வந்த முழு வரைபடம். 'ஜிமேப்பிமேப்' என்பது அடிப்படை வரைபடம். இது போய்விட்டால் சில கருவிகள் தொடக்கத் திரையைத் தாண்டவே மாட்டா. 'ஜிமேப்டிஇசட்' என்ற சிறிய கோப்பு நேர மண்டலத்துக்கானது; அதை அழித்தவர்கள் வந்துசேரும் நேரம் தவறாகக் காட்டுகிறது என்று பிறகு குழம்புகிறார்கள். ஆகவே கணினியில் மறைந்திருக்கும் கோப்புகளையும் காட்டும்படி அமைத்துக்கொண்டு, கருவிக்குள் உள்ள அனைத்தையும் அப்படியே ஒரு கோப்புறையில் நகலெடுத்து வையுங்கள். அதிகம் போனால் அரை மணி நேரம் ஆகும். பழைய மாடல்களுக்கான கோப்புகளைப் பிறகு தேடிப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

அதற்கும் முன்னால் கேபிள். காரில் சார்ஜ் செய்யும் கம்பி கணினிக்கு உதவாது. சில கேபிள்கள் மின்சாரத்தை மட்டுமே கடத்தும், தரவைக் கடத்தா. இணைத்ததும் கருவியின் திரையில் கணினியின் படம் வர வேண்டும். வழக்கமான வரைபடமே தொடர்ந்து ஓடினால் கேபிளை மாற்றிப் பாருங்கள், கருவியைக் குறை சொல்வதற்கு முன்.

பழைய கருவியின் உள்நினைவகம் சிறியது. புதிய வரைபடத்தை அதற்குள் திணிப்பதை விட, கருவியில் செருகும் மெமரி கார்டில் 'கார்மின்' என்று ஒரு கோப்புறை உருவாக்கி அதில் வைப்பதே நல்லது. ஆனால் கடையில் இன்று எளிதாகக் கிடைக்கும் 64 ஜிபி கார்டை வாங்கிச் செருகினால், பழைய கருவி அதைப் படிக்காது. மிகப் பழையவை 2 ஜிபி வரைதான் ஏற்கும். அடுத்து வந்தவை 32 ஜிபி வரை. மலேசியாவும் சிங்கப்பூரும் மட்டும் அடங்கிய வரைபடத்துக்குச் சிறிய கார்டே தாராளம். அதைக் கணினியில் 'ஃபேட்32' என்ற சேமிப்பு முறையில் வடிவமைத்துக்கொள்ளுங்கள் (ஃபார்மேட்).

வரைபடத்துக்கு எங்கே போவது? தயாரிப்பாளர் உங்கள் மாடலுக்கு இன்னும் புதுப்பிப்புத் தருகிறாரா என்று முதலில் பாருங்கள். மாடல் எண்ணின் முடிவில் 'எல்எம்' என்ற எழுத்துகள் இருந்தால் வாழ்நாள் புதுப்பிப்பு உண்டு என்று பொருள். அது அந்த ஒரு கருவியோடு மட்டும் கட்டப்பட்டது, மச்சானின் கருவிக்கு மாற்ற முடியாது. தயாரிப்பாளர் கைவிட்டிருந்தால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவிலிருந்து கார்மின் வடிவில் ஆக்கப்பட்ட இலவச வரைபடங்கள் இருக்கின்றன. 2004இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் யாரும் தம் தெருவைத் தாமே வரைந்து சேர்க்கலாம். மலேசியத் தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கிய மால்ஃப்ரீமேப்ஸ் போன்ற வரைபடங்களும் பலருக்கும் பழக்கம். பூட்டு உடைத்த வரைபடம் என்று சொல்லி யாரோ தரும் கார்டை மட்டும் வாங்காதீர்கள். அது எந்த ஆண்டுடையது, அதில் வேறென்ன கோப்பு இருக்கிறது என்று உங்களால் அறிய முடியாது.

இனிச் சித்தப்பாவின் கருவி. புதிய வரைபடம் கார்டில் சரியாகவே இருந்தது. ஆனால் அமைப்புகளில் 'வரைபடத் தகவல்' பகுதியைத் திறந்தால், பழையது, புதியது இரண்டுக்கும் எதிரே சரிக்குறி இருந்தது! ஒரே நாட்டுக்கு இரண்டு வரைபடங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றால், கருவி எதை நம்பி வழி கணக்கிடும் என்று சொல்ல முடியாது. பழையதன் குறியை எடுத்துவிட வேண்டும்; கோப்பை அழிக்கத் தேவையில்லை. இதைச் சோதிக்கப் பினாங்கில் நல்ல அளவுகோல் இருக்கிறது. பத்து காவானையும் பத்து மவுங்கையும் இணைக்கும் இரண்டாவது பாலம் 2014 மார்ச் 1இல் திறக்கப்பட்டது. மொத்தம் 24 கிலோமீட்டர், அதில் கடலுக்கு மேலே மட்டும் சுமார் 17. திரையை அந்தப் பகுதிக்கு நகர்த்திப் பாருங்கள். கடல் வெறும் நீலமாக இருந்தால், கருவி இன்னும் பழைய வரைபடத்தையே பார்க்கிறது. அந்தப் பாலத்தில் ஏறினால் உங்கள் கார் நீந்திப் போவது போலத் தெரியும், கருவி விடாமல் திரும்பு திரும்பு என்று சொல்லிக்கொண்டே வரும்.

வரைபடம் சரியான பிறகும் அவருடைய கருவி படகுத் துறையை விடவில்லை. காரணம், 'கட்டணச் சாலைகளைத் தவிர்' என்பதை எப்போதோ அழுத்தி வைத்திருந்தார். இரண்டு பாலங்களும் கட்டணப் பாலங்கள். இரண்டையும் மூடிவிட்டால் தீவுக்குப் போகக் கருவிக்கு எஞ்சுவது கடல்வழி ஒன்றுதான். அந்தக் குறியை நீக்கி, 'படகுகளைத் தவிர்' என்பதை இயக்கினேன். உடனே பாலத்துக்கு வழி காட்டியது. இங்கே இருப்பவர்கள் எல்லாரும் இந்த ஒரு அமைப்பை இன்றே பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படியே 'குறைந்த தூரம்' என்பதை விட்டு 'விரைவான நேரம்' என்பதற்கு மாறுங்கள். குறைந்த தூரம் கேட்டால், ஜார்ஜ்டவுனில் லிட்டில் இந்தியாவின் நெரிசலான சந்துகளுக்குள் கொண்டுபோய்விடும்.

இடத்தைத் தேடுவதில் நடக்கும் தவறு வேறு வகை. நாம் 'கிரீன் லேன்' என்போம், கருவிக்குத் தெரிந்தது 'ஜாலான் மஸ்ஜித் நெகிரி'. நாம் 'தண்ணீர்மலை' என்போம், அதற்கு 'ஜாலான் கெபுன் பூங்கா' வேண்டும். ஜெலுத்தோங் நெடுஞ்சாலை துன் டாக்டர் லிம் சோங் யூ பெயருக்கு மாறிவிட்டது. 'ஜாலான்' என்று முழுதாகத் தட்டி ஒன்றும் வராவிட்டால், 'ஜேஎல்என்' என்று சுருக்கித் தேடிப் பாருங்கள். அல்லது அதை விட்டுவிட்டு சாலையின் பெயரை மட்டும் இடுங்கள்.

பெயர் கிடைக்காதபோது ஆய எண்களை, அதாவது இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, இடுவார்கள். இங்குதான் பெரிய தவறு நேர்கிறது. ஜார்ஜ்டவுனின் மையம் ஏறத்தாழ வடக்கு 5.4164, கிழக்கு 100.3327. கைப்பேசி இப்படித் தசமப் பாகையில் தருகிறது. பழைய கருவிகள் பல, பாகையும் நிமிடமும் கேட்கும் முறையில் அமைந்திருக்கும். புள்ளியைத் தள்ளி 5 பாகை 41.64 நிமிடம், 100 பாகை 33.27 நிமிடம் என்று இட்டால், கருவி மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். அந்த இடம் சுங்கைப் பட்டாணிக்கு வடகிழக்கே, ஜார்ஜ்டவுனிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 39 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தசமப் பகுதியை 60ஆல் பெருக்க வேண்டும்: 0.4164 என்பது 24.98 நிமிடம், 0.3327 என்பது 19.96 நிமிடம். பெருக்கப் பிடிக்காவிட்டால் அமைப்புகளில் ஆய முறையையே தசமத்துக்கு மாற்றிவிடலாம்.

இன்னொன்று, வரைபடத்தோடு தொடர்பே இல்லாத குறைக்கு வரைபடத்தைப் பழிப்பது. தேதி பல ஆண்டுகள் பின்னே காட்டுகிறதா? ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வாரங்களை 1,024 வரைதான் எண்ணும். பிறகு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். அந்தத் திருப்பம் கடைசியாக 2019 ஏப்ரல் 6இல் வந்தது, அடுத்தது 2038இல். அதற்குத் தயாராக இல்லாத கருவிகள் தேதியில் தடுமாறுகின்றன. உங்கள் மாடலுக்கு மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால், வரைபடத்துக்கு முன் அதைப் போடுங்கள். போடும்போது கேபிளைப் பிடுங்காதீர்கள்.

மாதக்கணக்கில் அணைந்து கிடந்த கருவியைக் கொம்தார் நிறுத்துமிடத்துக்குள் எழுப்பி, உடனே காரைக் கிளப்பினால், அது இடத்தைப் பிடிக்கத் திணறும். எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்று சொல்லும் அட்டவணை முழுவதும் இறங்க 12.5 நிமிடம் ஆகும். திறந்த வெளியில் கால் மணி நேரம் அசையாமல் விடுங்கள், பிறகு நாள்தோறும் நொடிகளில் பிடித்துக்கொள்ளும். முன்கண்ணாடியில் உலோகம் கலந்த நிறத்தாள் ஒட்டியிருந்தாலும் சிக்னல் தேயும்.

எவ்வளவு புதிய வரைபடமானாலும் தைப்பூசத்தன்று தேருக்காக மூடிய சாலை அதற்குத் தெரியாது. அன்று போக்குவரத்துக் காவலர் காட்டும் திசையில் போங்கள்.

'வீடு' என்ற இடத்தில் உங்கள் வாசலைப் பதிக்காமல், அருகிலுள்ள எண்ணெய் நிலையத்தைப் பதியுங்கள். காரோடு கருவியும் களவு போனால் திருடனுக்கு வீட்டு வழி தெரிந்துவிடக் கூடாது. வெயிலில் நிறுத்தும்போது கண்ணாடியிலிருந்து கழற்றி உள்ளே வையுங்கள், இங்கத்திய வெப்பம் பேட்டரியை உப்ப வைக்கும். திரையோ பின்மூடியோ புடைத்திருப்பதைக் கண்டால் அதைச் சார்ஜ் செய்யாதீர்கள். முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.