பி.எஸ்சி நர்சிங்: பட்டம் கைக்கு வர என்னென்ன முடித்திருக்க வேண்டும்?

சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் அனாட்டமி, பிசியாலஜி மேல்தான் பயம். தேர்வு போனால் அரியர் எழுதிக் கிளியர் பண்ணிவிடலாம். கடைசி வருடத்தில் ஆளைப் பிடித்து நிறுத்துவது வார்டு போகாமல் விட்ட நாட்களும் கையெழுத்து வாங்காத லாக்புக்கும் (செய்முறைகளைக் குறிக்கும் பதிவேடு) தான். அதனால் இதை முதல் வருடத்திலேயே படித்துவிடுங்கள்.

இப்போது நடப்பில் இருப்பது இந்திய நர்சிங் கவுன்சில் 2021-22 பேட்ச்சிலிருந்து கொண்டுவந்த செமஸ்டர் முறை. 4 வருடம், 8 செமஸ்டர். முதல் ஏழிலும் செமஸ்டருக்கு 20 வாரம், வாரத்துக்கு 40 மணி நேரம். தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகள் கிண்டியிலுள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. எவ்வளவு அரியர் இருந்தாலும் அதிகபட்சம் 8 வருடத்துக்குள் முடித்தாக வேண்டும்.

அட்டென்டன்ஸில் இரண்டு கணக்கு இருக்கிறது, பலர் ஒன்றைத்தான் கவனிக்கிறார்கள். தேர்வு எழுத ஒவ்வொரு பாடத்திலும் தியரி, பிராக்டிகல் இரண்டிலும் 80% வேண்டும், காய்ச்சல் என்றாலும் அக்கா கல்யாணம் என்றாலும் லீவு லீவுதான். ஆனால் பட்டம் வாங்க ஒவ்வொரு பிராக்டிகல் ஏரியாவிலும் 100% வேண்டும். அதாவது 80% வைத்துப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினாலும், வார்டில் விட்ட நாட்கள் கடனாக நிற்கும், அதை அதே ஏரியாவில்தான் ஈடுகட்ட வேண்டும். மெடிக்கல் வார்டு என்றால் பரவாயில்லை, சொந்த ஆஸ்பத்திரியிலேயே கூடுதல் டூட்டி பார்த்துவிடலாம். மனநலப் பிரிவில் விட்டால்தான் சிக்கல்: பல கல்லூரிகள் அதற்கு வெளி மருத்துவமனைக்கு அனுமதி வாங்கி, குறிப்பிட்ட தேதிகளில்தான் அனுப்புகின்றன, உங்கள் ஒருவருக்காகத் திரும்ப அனுமதி வாங்குவது சுலபமில்லை. ஆகவே சின்ன நோட்டு ஒன்று போட்டு ஏரியா, தேதி, பார்த்த மணி நேரம், விட்ட நாள் என்று நீங்களே எழுதிவாருங்கள். மாதம் ஒருமுறை கிளாஸ் கோ-ஆர்டினேட்டர் மேடத்தின் ரெஜிஸ்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கணக்கு இடித்தால் அன்றே கேளுங்கள்.

மதிப்பெண் விஷயம் சுருக்கமாக: தியரியிலும் பிராக்டிகலிலும் தனித்தனியாக 50%, ஆங்கிலத்துக்கும் எலெக்டிவ் (விருப்பப்) பாடங்களுக்கும் 40%. பொதுவாகத் தியரியில் இன்டர்னல் 25, யூனிவர்சிட்டி தேர்வு 75. அரியரோடு அடுத்த செமஸ்டர் வகுப்புக்குப் போகலாம், ஆனால் ஐந்தாம் செமஸ்டர் தேர்வுக்கு முன்னாலும் ஏழாம் செமஸ்டர் தேர்வுக்கு முன்னாலும் பழைய பாக்கி மொத்தமும் கிளியராகியிருக்க வேண்டும்.

அப்புறம், மறந்துபோகிற சிலது. எலெக்டிவ் மொத்தம் 3 முடிக்க வேண்டும். முதலுதவி, பி.சி.எல்.எஸ் (இதயத் துடிப்பு, மூச்சு நின்றவருக்குச் செய்யும் அடிப்படை உயிர்காப்பு), ஹெல்த் அசெஸ்மென்ட், பாலியேட்டிவ் கேர் (தீவிர நோயாளிகளின் வலி, வேதனை தணிக்கும் பராமரிப்பு), பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு என்று கட்டாய மாட்யூல்கள் (தனிப் பயிற்சிகள்) இருக்கின்றன. யூனிவர்சிட்டி தேர்வு இல்லையே என்று அலட்சியமாக விடாதீர்கள். சான்றிதழ் வந்த அன்றே பைலில் போடுங்கள். ஆராய்ச்சி புராஜெக்ட்டும் உண்டு, குழுவாகவும் செய்யலாம்.

லாக்புக்கைத் திறந்து ஒரு பக்கம் பாருங்கள். இடது பக்கம் செய்முறையின் பெயர், பக்கத்தில் தனியாகச் செய்தீர்களா, உதவினீர்களா அல்லது பார்த்தீர்களா என்று குறிக்க இடம், ஸ்கில் லேபில் செய்த தேதி ஒன்று, வார்டில் செய்த தேதி ஒன்று, கடைசியில் டியூட்டர் கையெழுத்து. கதீட்டர் போட்டீர்களா, அன்று மதியமே கையெழுத்து வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் அந்த மேடம் வேறு கல்லூரிக்கு மாறியிருப்பார். பிரசவப் பிரிவின் கேஸ் புக்கில் இது இன்னும் முக்கியம். நார்மல் டெலிவரி உங்கள் ஷிப்டைப் பார்த்து வராது, சில நாள் லேபர் ரூமில் எட்டு மணி நேரம் நின்றாலும் ஒன்றும் அமையாது. அதனால் நைட் போஸ்டிங் கிடைத்தால் தட்டிக்கழிக்காதீர்கள். பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது மட்டும் வேண்டவே வேண்டாம், நாளைக்கு உங்கள் கையில் இருக்கப்போவது ஒரு தாயும் குழந்தையும்.

எட்டாம் செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப்: 22 வாரம், வாரம் 48 மணி நேரம். அடல்ட் ஹெல்த், கம்யூனிட்டி, குழந்தைகள் நலம், மனநலம், மகப்பேறு என்று மாறி மாறிப் போஸ்டிங் வரும்.

எல்லாம் முடிந்ததும் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் நர்ஸாக வேலை பார்க்க முடியாது. இங்கே அடிக்கடி இழுத்தடிப்பது பெயர்தான்: பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், கல்லூரி ரெக்கார்டில் அப்பா பெயர் முழுதாக. இதை மூன்றாம் வருடத்திலேயே சரிபார்த்து, ஆதாரை மார்க் ஷீட்டில் உள்ளபடி மாற்றிவிடுங்கள்.