சோஃபோக்ளீஸ் வாழ்க்கைக் குறிப்பு: எங்கே தவறுகிறார்கள்?

நாடக மலருக்கோ பாடக்குறிப்புக்கோ பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளீஸைப் பற்றி எழுத உட்காருபவர்கள் முதலில் சறுக்குவது ‘தீப்ஸ் முத்தொடர்’ என்ற சொல்லில்தான். ‘ஈடிபஸ் மன்னன்’, ‘கொலோனஸில் ஈடிபஸ்’, ‘அன்டிகனி’ மூன்றையும் ஒரே தொகுப்பாக அச்சிடுகிறார்கள், கதையும் அந்த வரிசையில் ஓடுகிறது. எழுதிய வரிசை வேறு. கதையில் கடைசியான ‘அன்டிகனி’தான் மூன்றில் முந்தியது, கி.மு. 441 வாக்கில் மேடையேறியது. ‘கொலோனஸில் ஈடிபஸ்’ கி.மு. 401-இல், அவர் இறந்தபின் பேரன் மேடையேற்றியது. சந்தேகமிருந்தால் ‘அன்டிகனி’யின் முதல் காட்சியைப் புரட்டுங்கள்: தந்தை வெறுப்புக்கும் பழிக்கும் ஆளாகிச் செத்தார் என்கிறாள் ஈடிபஸின் மகள் இஸ்மேனே. கொலோனஸ் நாடகத்திலோ தெய்வம் கூப்பிட்டு, மரியாதையோடு மறைகிறார் ஈடிபஸ். ஒரே மூச்சில் எழுதிய தொடரில் இப்படி வராது.

அடுத்தது வெற்றிக் கணக்கு. ஏதென்ஸின் டயோனீசிய விழாவில் நடந்த நாடகப் போட்டியில் ஒரு கவிஞர் மூன்று துன்பியல் நாடகங்களும் ‘சாட்டிர்’ என்ற கேலி நாடகம் ஒன்றும் தருவார். பரிசு நான்குக்கும் சேர்த்து. ஆகவே கல்வெட்டு சொல்லும் 18 வெற்றி என்பது 72 நாடகங்கள். 24 என்ற எண்ணும் பழைய நூல்களில் உண்டு, இரண்டையும் கலக்காதீர்கள். ‘ஈடிபஸ் மன்னன்’ முதல் பரிசு பெற்றதாக எழுதிவிடவும் வேண்டாம். மூத்த நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் சகோதரி மகன் ஃபிலோக்ளீஸிடம் அது தோற்றது.

பிறப்பு கி.மு. 497/496 என்பதில் உள்ள சாய்கோடு ஐயத்தைக் குறிப்பதல்ல. ஏதென்ஸின் ஆண்டு கோடையில் தொடங்கியதால் நம் கணக்கில் இரண்டு ஆண்டுகளில் விழுகிறது. மூன்றாம் நடிகரைக் கொண்டுவந்தவர் என்று அரிஸ்டாட்டில் சொல்வதை ‘மூன்று பாத்திரங்கள்’ என்று மாற்றிவிடுகிறார்கள். முகமூடி மாற்றி மூவரே எல்லாப் பேசும் வேடங்களையும் பகிர்ந்துகொண்டார்கள் என்பதே பொருள்.

திராட்சை தொண்டையில் சிக்கி இறந்தார், மகன் வழக்குப் போட்டான் என்பவை பிற்காலக் கதைகள். ‘என்பார்கள்’ போட்டு எழுதலாம். இவற்றுக்கு இடம் கொடுப்பவர்கள் அவர் வகித்த பதவிகளை விட்டுவிடுவதுதான் வேடிக்கை. கி.மு. 443/442-இல் ஏதென்ஸ் தலைமையிலான டெலோஸ் கூட்டணியின் கருவூலப் பொறுப்பு. 441/440-இல் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸுடன் தளபதி, சாமோஸ் தீவுக்கு எதிரான போர். சிசிலிப் படையெடுப்பில் ஏதென்ஸ் தோற்றபின் 413-இல் அமைந்த பதின்மர் குழுவிலும் ஒரு சோஃபோக்ளீஸ் இருந்தார். அதற்கு மட்டும் ‘இவரே எனக் கருதப்படுகிறது’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.