தேரி மணலில் ஓடினால் நிலாவிலும் ஓடுமா?

புராஜெக்டுக்கு ரோவர் (நிலா, செவ்வாய் போன்ற இடங்களில் ஓடும் ஆய்வு வண்டி) செய்யும் நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சோதனைக் களம் என்றதும் தேரி என்கிற செம்மணல் மேடுதான் நினைவுக்கு வரும். சாத்தான்குளம் பக்கம் போனால் செவ்வாய் மாதிரியே செக்கச்செவேலென்று மணல் கிடக்கிறது. சரிவில் வண்டி ஏறுகிறதா, நிரல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அது நல்ல இடம். ஆனால் அங்கே ஓடிவிட்டால் நிலாவிலும் ஓடும் என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். தேரி மணல் காற்று உருட்டி உருட்டி முனை மழுங்கிய மணல். நிலாவில் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. விண்கல் மோதி நொறுங்கிய துகள் அதே கூர்மையோடு கிடக்கிறது. மோட்டார் அச்சுக்குள் புகுந்தால் அரம் போல அராவிவிடும். சந்திரயான்-2 சோதனைக்கு இஸ்ரோ நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறையை அரைத்து நிலா மண் தயாரித்தது சும்மா இல்லை.

இதைவிடப் பெரிய தவறு எடையில் நடக்கிறது. நிலாவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கு. சந்திரயான்-3 கொண்டுபோன 26 கிலோ ரோவர் பிரக்யான் அங்கே மண்ணை அழுத்தியது, இங்கே நாலரைக் கிலோவுக்கும் குறைவான பொருள் அழுத்துகிற அளவுக்குத்தான். முழு எடையோடு இங்கே ஓட்டினால் சக்கரத்தின் பிடிப்பு, புதைவு இரண்டுமே தப்பாக வரும். நாசா இதற்கென்றே தன் செவ்வாய் ரோவர் க்யூரியாசிட்டிக்குக் கணினி இல்லாத, எடை குறைந்த இன்னொரு வண்டியைச் செய்து வைத்திருக்கிறது. அப்படியும் ஒரு குறை உண்டு: வண்டி லேசானாலும் மணலுக்குப் பூமியின் எடைதான். ஆகவே கிடைத்த அளவை அப்படியே நம்பாமல் தாராளமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். 2009-இல் ஸ்பிரிட் ரோவர் செவ்வாயில் மேலோடு உடைந்து அடியிலிருந்த பொடி மண்ணில் சிக்கியது, மீட்கவே முடியவில்லை.

அப்புறம் வெப்பம். கணினிப் பலகை சுடுகிறதென்று ஃபேன் மாட்டுகிறார்கள். காற்றே இல்லாத இடத்தில் அது எதைத் தள்ளும்? சூடு உலோகத்தின் வழியே ரேடியேட்டருக்குப் போய், அங்கிருந்து கதிர்வீச்சாக வெளியேற வேண்டும். சாதாரண கிரீஸ் வெற்றிடத்தில் மெல்ல ஆவியாகி லென்ஸில் படியும். மாலிப்டினம் டைசல்பைடு போன்ற உலர்ந்த மசகுதான் சரிப்படும். பணகுடி பக்கத்து மகேந்திரகிரி இஸ்ரோ மையத்திலேயே சிஇ20 என்ற ராக்கெட் எஞ்சினை வெற்றிடச் சூழலில் பற்றவைத்துத்தான் தேறியதா என்று பார்க்கிறார்கள்.

கடைசியாக, ஜாய்ஸ்டிக். திரையைப் பார்த்துக்கொண்டே அதை வைத்து வண்டியை ஓட்டுவது அங்கே நடக்காது. நிலாவுக்கு சிக்னல் போய்வர இரண்டரை விநாடி ஆகும். செவ்வாய்க்கு ஒரு வழிக்கே 3 முதல் 22 நிமிடம். குழி திரையில் தெரியும்போது வண்டி அதற்குள் இறங்கியிருக்கும். நிரலில் வேண்டுமென்றே தாமதத்தைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். வண்டி எங்கெங்கே தானாக நின்றாக வேண்டும் என்று அன்றைக்கே பட்டியல் போட்டுவிடலாம்.