இறுதிக் காலத்தில் வீட்டில் இருப்பவரின் வாய் வறட்சியைத் தணிக்கும் முறை

நோய் முற்றிய நிலையில் வீட்டுக்கு அழைத்து வரப்பட்டவர் உணவைக் குறைத்துக்கொள்ளும்போது, பட்டினி போடுகிறோமே என்று கலங்கி, படுத்திருப்பவரின் வாயில் தண்ணீரை ஊற்றுவது நம் குடும்பங்களில் வழக்கமாக இருக்கிறது. அது புரையேறி நுரையீரலுக்குள் இறங்கக்கூடும் என்பதால், விழுங்கச் சிரமப்படுபவருக்கு அவ்வாறு ஊற்றக் கூடாது. உடல் அடங்கும் காலத்தில் பசியும் தாகமும் தாமாகவே குறைகின்றன. ஆனால் வாய் வறட்சி மெய்யான வேதனை, அதிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்க் கோடையில் அது இன்னும் கடுமையாகும்.

கொதித்து ஆறிய நீரில் மெல்லிய பருத்தித் துணியை நனைத்து, சொட்டாதபடி நன்கு பிழிந்து, விரலில் சுற்றி ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் ஆகியவற்றை மெதுவாகத் துடைக்க வேண்டும். பல்லைக் கடிப்பவராக இருந்தால், குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ் நல்லது. பிறகு உதட்டில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவலாம். ஆக்சிஜன் வைத்திருப்பவருக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கொரு முறை இதைச் செய்தால், பேச முடியாதவரின் நெற்றிச் சுருக்கம் கூட மெல்லத் தளர்வதை அருகில் இருப்பவர் காணலாம்.

வலிக்கு மார்ஃபின் தரப்பட்டிருந்தால் மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். மலமிளக்கி மருந்தை முதல் நாளே மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை வீட்டிலேயே வழங்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிந்து வையுங்கள்.