ராக்கபில்லி கிட்டாருக்கு எக்கோ: எங்கே தவறுகிறோம்

புதிதாக ஒரு டிலே பெடல், அதாவது கிட்டார் ஒலியைச் சற்றுத் தாமதித்து எக்கோவாகத் திருப்பித் தரும் பெட்டி, வீட்டுக்கு வந்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். டைம் குமிழை நடுவில் நிறுத்துவது, ஐந்தாறு முறை திரும்பக் கேட்கும்படி ரிப்பீட்டைத் திருகுவது, ஒரு கார்டை மீட்டிவிட்டு அது மெல்லக் கரைவதைக் கேட்டுக்கொண்டிருப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதே அமைப்பில், ஐம்பதுகளின் அமெரிக்க ராக் அண்ட் ரோல் வகையான ராக்கபில்லியில் வேகமான பாட்டு ஒன்றை வாசித்தால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கூழாகிவிடும். உடனே பெடல் சரியில்லை என்று அடுத்த பெடலுக்குப் பணம் சேர்க்க ஆரம்பிப்பார்கள். பெடலில் குறை ஒன்றுமில்லை. ராக்கபில்லியில் எக்கோவின் வேலை தாளத்தைத் தள்ளுவது. அழகூட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் அப்படி என்பதற்கு 1954 ஜூலைக்குப் போக வேண்டும். மெம்ஃபிஸ் நகரில் யூனியன் அவென்யூ 706ஆம் எண் கட்டடத்தில் சாம் ஃபிலிப்ஸ் நடத்திய சிறிய ஸ்டுடியோ. எல்விஸ் பிரெஸ்லி அகூஸ்டிக் கிட்டாரோடு பாடுகிறார், ஸ்காட்டி மூர் எலெக்ட்ரிக் கிட்டார், பில் பிளாக் பெரிய டபுள் பேஸ். டிரம்ஸ் கிடையாது. 'தட்ஸ் ஆல் ரைட்' இந்த மூன்று பேரோடு பதிவானது. ஃபிலிப்ஸிடம் ஆம்பெக்ஸ் டேப் இயந்திரங்கள் இருந்தன. டேப்பில் ஒலியை எழுதும் ஹெட் ஒன்று, எழுதியதைப் படிக்கும் ஹெட் சற்றுத் தள்ளி இன்னொன்று. எழுதப்பட்ட ஒலி படிக்கும் ஹெட்டை அடைவதற்குள் சிறிது நேரம் கழிந்துவிடும். அப்படித் தாமதமாக வரும் ஒலியை மறுபடி மூல ஒலியோடு கலந்தால் கிடைப்பதுதான் ஸ்லாப்பேக். பேஸ் தந்திகள் கட்டையில் அறைகிற 'டக்' சத்தமும் கிட்டார் தந்தியில் விழும் முதல் அடியும் இரண்டிரண்டாகக் கேட்டதால், டிரம்மர் இல்லாத குறை தெரியவில்லை.

முதல் தவறு நேரத்தில். டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடி, இரண்டு ஹெட்களுக்கும் நடுவே 2 அங்குலம் இருந்தால் தாமதம் 133 மில்லிநொடி. மெம்ஃபிஸ் எக்கோவுக்கு 130, 140 என்று சொல்லப்படும் எண்கள் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. நடைமுறையில் 80 முதல் 150 மில்லிநொடி வரை ராக்கபில்லியாகவே கேட்கும். அதற்குக் கீழே போனால் இரண்டு கிட்டார் சேர்ந்து வாசிப்பது போல் ஒலி தடிக்கும், தனி எக்கோ தெரியாது. 200ஐத் தாண்டினால் சின்ன இடைவெளிகளை விட்டுத் துள்ளும் அந்த இசைக்குள் எக்கோ வந்து குறுக்கே நிற்கும்.

இதிலேயே இன்னொரு பொறி இருக்கிறது, 'டாப் டெம்போ' (tap tempo), நாம் தட்டும் வேகத்துக்கு எக்கோ நேரத்தைப் பொருத்தும் வசதி. பெடலில் அந்த வசதி இருந்தால் காலால் தட்டிப் பாட்டோடு பொருத்திவிடத் தோன்றும். வேண்டாம். மெம்ஃபிஸில் டேப் ஒரே வேகத்தில் ஓடியது, பாட்டுதான் மாறிக்கொண்டிருந்தது. எக்கோ தாளத்தோடு மிகத் துல்லியமாகப் பொருந்தினால் காணாமலும் போகும். நிமிடத்துக்கு 220 தட்டு ஓடும் பாட்டில் அரைத்தட்டு என்பது சுமார் 136 மில்லிநொடி. பெடலையும் அதே 136இல் வைத்து அரைத்தட்டு அரைத்தட்டாக வாசித்தால், ஒவ்வொரு சுரத்தின் எக்கோவும் அடுத்த சுரத்தின் மேலேயே விழுந்து அதற்குள் ஒளிந்துகொள்ளும். 110க்கு இறக்கினால் எக்கோ இடைவெளியில் விழும், துள்ளல் திரும்ப வரும். ஆகவே ஓர் எண்ணை வைத்துவிட்டு மறந்துவிடலாம். மிக வேகமான பாட்டு வரும்போது மட்டும் கொஞ்சம் குறைத்தால் போதும்.

ரிப்பீட் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே முறை. ரிப்பீட் குமிழ் (சில பெடல்களில் ஃபீட்பேக் என்று இருக்கும்) பூஜ்யத்தில் இருக்கட்டும். இரண்டாவது எக்கோ மங்கலாகத் தெரிந்தால் மன்னிக்கலாம், மூன்றாவது கேட்டால் அது வேறு இசை.

அதிகம் குழப்பும் விஷயம் எக்கோவின் அளவு. பாட்டுக்குப் பின்னால் மெல்லத் தெரிய வேண்டும் என்ற பழக்கத்தில் எக்கோவை அடக்கி வைக்கிறோம். மற்ற பாணிகளுக்கு அது சரி. ஸ்லாப்பேக்கில் எக்கோ கிட்டத்தட்ட மூல ஒலிக்குச் சமமாக, ஒரு படி கீழே நிற்க வேண்டும். ஒரு சின்ன சோதனை: இடது கையால் தந்திகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஒரு முறை 'சக்' என்று அடியுங்கள். 'சக்-சக்' என்று இரண்டு அடி தெளிவாகக் கேட்டால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். 'சக்' என்ற சத்தத்துக்குப் பின்னால் ஏதோ காற்று வீசுவது போல் இருந்தால் இன்னும் கூட்ட வேண்டும். எது அடி, எது எக்கோ என்றே பிரிக்க முடியாவிட்டால் கூடிப் போய்விட்டது.

ஆனால் படுக்கையறையில் பார்த்துப் பார்த்து வைத்த அளவு மேடையில் நிற்காது. இதற்கு இரண்டு காரணங்கள், இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். ஆம்பை, அதாவது கிட்டாரின் ஒலிபெருக்கியை, உரக்கத் திருப்பினால் அதிலுள்ள வால்வுகள் உச்சத்தைத் தொட்டுச் சத்தத்தை அமுக்க ஆரம்பிக்கும். பலமான முதல் அடி அமுங்கும், அதைவிடச் சன்னமான எக்கோ அமுங்காது. அப்போது இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறைந்து எக்கோ பெரிதாகத் தெரியும். இன்னொரு பக்கம், டிரம்மர் சிம்பலைத் தட்டத் தொடங்கியதும் அதே எக்கோ மூழ்கிப்போகும். எந்த இழுப்பு ஜெயிக்கும் என்பது ஆம்பையும் டிரம்மரையும் பொறுத்தது. அளவை இசைக்குழுவோடு, மேடைச் சத்தத்தில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டிரம்ஸும் தந்தியை அறையும் பேஸும் இரண்டுமே குழுவில் இருந்தால் கிட்டார் எக்கோவைக் கொஞ்சம் குறைப்பது என் கட்சி. அந்த வேலையைச் செய்ய ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள்.

அடுத்தது 'டேப் வார்ம்த்' மோகம். டேப் எக்கோ என்றாலே மங்கலாக, லேசாக ஆடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. பெடல் தயாரிப்பாளர்களும் அதற்கென்றே ஆட்டக் குமிழும் தேய்மானக் குமிழும் வைத்து விற்கிறார்கள். மெம்ஃபிஸில் ஓடியது தொழில்முறை ரெக்கார்டர். நொடிக்கு 15 அங்குல வேகத்தில் அது உயர் சுருதிகளை நன்றாகவே பிடிக்கும், வேகமும் நிலையாக இருக்கும். மங்கலும் ஆட்டமும் பெரும்பாலும் பின்னாளில் கையோடு தூக்கிச் செல்லும் டேப் எக்கோக்களில், தேய்ந்த டேப் சுருள்களில் வந்தவை. ஸ்லாப்பேக்குக்கு எக்கோவின் முன்விளிம்பு காதில் விழ வேண்டும். ஆட்டத்தை அணைத்துவிடுங்கள். டோன் குமிழ் இருந்தால் எக்கோ மூல ஒலியைவிட ஒரு சிட்டிகை மென்மையாக இருக்கும்படி வையுங்கள். அனலாக் பெடல்களில் ஒலி தானாகவே சற்று மங்கித்தான் வரும், அதற்கு மேல் மங்க வைக்கத் தேவையில்லை. டிஜிட்டல் பெடலில் மட்டும் பிக் தந்தியில் படும் 'டிக்' சத்தம் அச்சு அசலாகத் திரும்ப வந்து எரிச்சலூட்டலாம். கிட்டாரின் டோனைக் கொஞ்சம் குறைத்தாலே அது அடங்கும்.

ரிவெர்ப், அதாவது பெரிய அறையில் ஒலிப்பது போன்ற முழக்கம், வேண்டுமா? ஃபெண்டர் ஆம்புக்குள்ளேயே ஸ்பிரிங் ரிவெர்ப் வந்தது 1963இல்தான். ராக்கபில்லியின் பொற்காலம் அதற்குள் முடிந்துவிட்டது. எக்கோவும் ரிவெர்பும் சேர்ந்தால் இசை சர்ஃப் ராக் பக்கம் சாயும், இரண்டாவது 'சக்' கரைந்துவிடும். பூஜ்யம், அல்லது அதற்கு மிக அருகில். ஸ்டீரியோவில் இடதும் வலதுமாகத் தாவும் எக்கோ வகைகளையும் தொட வேண்டாம். அந்தப் பதிவுகள் எல்லாமே மோனோ.

அப்புறம், இசைத்தட்டில் கேட்டதைக் கிட்டார் பெடலில் தேடுவது. சாம் ஃபிலிப்ஸின் சன் நிறுவனப் பதிவுகளில் எக்கோ குரலிலும் இருக்கிறது, அறை முழுக்க இருக்கிறது. கிட்டாரில் மட்டும் எக்கோ போட்டால் அந்தச் சித்திரத்தின் ஒரு மூலைதான் கிடைக்கும். இந்தச் சிக்கல் முதலில் வந்தது ஸ்காட்டி மூருக்கே. ஸ்டுடியோவில் இருந்த எக்கோ மேடையில் இல்லை. இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ என்ற ஊரில் ரே பட்ஸ் என்பவர் ஆம்புக்குள்ளேயே டேப் எக்கோவைப் பொருத்தி எக்கோசோனிக் என்று செய்து கொடுத்தார். கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ் ஒன்று வாங்கினார். 1955இல் மூரும் வாங்கினார், 'மிஸ்டரி ட்ரெயின்' அந்த ஆம்பில் வாசித்ததுதான். மறு வருடம் எல்விஸ் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்காகப் பதிவு செய்யத் தொடங்கியபோது அங்கிருந்த பொறியாளர்களுக்கு மெம்ஃபிஸ் எக்கோ பிடிபடவில்லை. 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்' பாட்டுக்குக் கட்டடத்தின் நடைபாதையை எக்கோ அறையாகப் பயன்படுத்தினார்கள். கேட்டுப் பாருங்கள், அது முற்றிலும் வேறு ஒலி. எந்தப் பதிவு உங்கள் மனதில் இருக்கிறது என்று தெளிவாகாமல் பெடல் வாங்கக் கிளம்பினால் இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வீர்கள்.

இணைப்பு வரிசை எளிது. ஆம்பைச் சுத்தமாக, அல்லது ஓங்கி அடித்தால் மட்டும் லேசாகக் கிழியும்படி வைத்தால், கிட்டார், எக்கோ, ஆம்ப் என்று நேராகப் போகலாம். ஒலியைக் கிழியவைக்கும் ஓவர்டிரைவ் பெடல் சேர்த்தால் அது எக்கோவுக்கு முன்னால். பின்னால் வைத்தால் மூல ஒலியும் எக்கோவும் ஒன்றாகக் கிழிந்து, நேரம் கழித்து வரும் அடி தனியாகக் கேட்காது. ஆம்பில் எஃபெக்ட்ஸ் லூப் (பெடலை ஆம்புக்கு நடுவே இணைக்கும் வழி) இல்லையே என்று வருந்த வேண்டாம், ஐம்பதுகளின் ஆம்புகளில் அது கிடையாது.

வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது அதிகபட்ச நேரத்தை. இங்கே பார்க்க வேண்டியது குமிழின் ஆரம்பப் பகுதி. இரண்டு நொடி வரை போகும் பெடலில் 80க்கும் 150க்கும் நடுவே குமிழ் ஒரு மயிரிழைதான் நகரும், மேடையில் கை பட்டாலே கெட்டுப்போகும். பாஸ் டிடி-3 பெடலில் 50 முதல் 200 மில்லிநொடிக்கென்றே ஒரு நிலை இருக்கிறது, ஸ்லாப்பேக்குக்கு அது பெரிய வசதி. எம்.எக்ஸ்.ஆர். கார்பன் காப்பி 20இல் தொடங்கி 600 வரை போகும் அனலாக் பெடல், அதிலும் வேலை ஆகும். ராக்கபில்லி கிட்டார் கலைஞர் பிரையன் செட்ஸர் ரோலண்ட் ஆர்.இ-301 வைத்திருக்கிறார் என்று பழைய டேப் எக்கோ தேடுபவர்கள் உண்டு. அவருடைய கிரெட்ச் கிட்டாரையும் பழைய ஃபெண்டர் பேஸ்மன் ஆம்பையும் கைவேகத்தையும் கழித்துவிட்டு அந்தப் பெட்டி எவ்வளவு கொடுக்கும் என்று யோசித்துவிட்டு வாங்கலாம். டேப் தேயும், ஹெட்டைத் துடைக்க வேண்டும், சுருள் மாற்ற வேண்டும்.

நம் ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் விற்கப்பட்ட பழைய இயந்திரத்துக்கு நம் 230 வோல்ட்டைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிர்வெண்ணை மறந்துவிடுகிறார்கள். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றி ஓடும் மோட்டாராக இருந்தால் டேப் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 133 என்று நினைத்த எக்கோ 160 ஆகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது.

கச்சேரி நாளில் கடைசியாக ஒரு வேலை. சவுண்ட் பார்ப்பவரிடம் கிட்டார் சேனலில் எக்கோவோ ரிவெர்போ சேர்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்லெண்ணத்தில் அவர் சேர்க்கும் 400 மில்லிநொடி உங்கள் 130இன் மேல் ஏறினால் முன் வரிசையில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. பாடகரின் மைக்கில் போடட்டும், அதுதான் பழைய முறையும்கூட. அங்கேயும் ஒரே முறை வரும் 130 என்றே கேட்டு வாங்குங்கள்.