எட்டாம் கிரேடு பியானோ: ஏ பட்டியலில் சிக்கிய கதை

பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம் நடத்தும் எட்டாம் கிரேடு பியானோ தேர்வுக்கு, உருப்படிகள் தேர்ந்தெடுக்கும் ஏ, பி, சி பட்டியல்களில் ஏ பட்டியலிலிருந்து இசையமைப்பாளர் ஸ்கார்லட்டியின் சொனாட்டா ஒன்றை எடுத்திருந்தேன். ஒரே சுரம் விரைவாக அடுத்தடுத்து வரும் இடங்களில், வேகம் கூடினால் ஒன்றிரண்டு சுரங்கள் ஒலிக்காமல் போயின. ஆசிரியரின் கிராண்ட் பியானோவில் (தந்திகள் கிடைமட்டமாக அமைந்தது) அவையே முத்துமுத்தாக வந்தன.

மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை வைத்துப் படிப்படியாக வேகம் ஏற்றினேன். விரல் வரிசையை மூன்று-இரண்டு-ஒன்று என்று மாற்றினேன். சுருதி சேர்ப்பவரையும் அழைத்தேன். நாட்கள்தான் வீணாயின.

பிறகு வீட்டு அப்ரைட் பியானோவில் (தந்திகள் செங்குத்தாக அமைந்தது) ஒரு கட்டையை மெல்ல அழுத்தி, பாதி உயர்ந்ததும் மீண்டும் அழுத்திப் பார்த்தேன். சத்தமே இல்லை. கட்டை ஏறக்குறைய முழுவதும் மேலே வந்த பிறகுதான் சுத்தியல் மறுபடி அடித்தது. கிராண்டில் பாதியிலேயே அடிக்கிறது. 1821-இல் பியானோ தயாரிப்பாளர் எரார்டு காப்புரிமை பெற்ற இரட்டை விடுவிப்பு அமைப்பின் பலன் அது.

தேர்வு அறையிலும் அப்ரைட்தான் என்று விசாரித்து அறிந்தேன். உடனே அதே பட்டியலில் இருந்த பாக்கின் ப்ரெலூட், ஃபியூகுக்கு மாறினேன். எந்த உருப்படியானாலும் 30 மதிப்பெண்தான். கடினமானதற்குக் கூடுதல் சலுகை கிடையாது. பாக்கில் ஓட்டம் பெரும்பாலும் வெவ்வேறு கட்டைகளில் நகர்வதால் தடுமாற்றம் நின்றது. பெரிய நிம்மதி.

பி, சி உருப்படிகளையும் அப்ரைட்டில் முழு வேகத்தில் வாசித்துப் பார்த்தே உறுதிசெய்தேன்.